கிளட்சை விடும்போது ‘டங்’ என்ற ஓசை: கிரவுனைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். பின்சக்கர இயக்கம், என்ஜின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். முதல் கியரில் கிளட்சை விடும்போதும், ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் அடியிலிருந்து ‘டங்’ என்ற ஓசை எழுகிறது. பின்னச்சிலுள்ள கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் இரண்டையும் செட்டாக மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

பதில்: ஐயா, அந்தப் பற்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்கை இப்போதே திறக்க விடாதீர்கள். ஷாஃப்ட் உள்ளீடற்ற குழாய் என்பதால் ஓசை எங்கே பிறந்தாலும் நெடுகப் பரவும். காதை நம்பி முடிவெடுக்க இயலாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் மடங்கும் மூன்று இடங்களிலும் உள்ள சிலுவை வடிவ இணைப்புதான் கிராஸ்; அதன் ஒரு பக்க யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அந்தக் கிராஸ் போய்விட்டது என்று பொருள். ஷாஃப்ட் பினியனோடு பூட்டப்படும் தட்டான பினியன் ஃபிளாஞ்சில் சிறிதளவு சுழல் இடைவெளி புது வண்டியிலும் இருக்கும். அது மேலும் கீழுமாக ஆடினால்தான் பினியன் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தால், சுமையோடு புறப்படும்போது உதறலும் தெரியும்.

கேட்டவர்: பார்த்தேன். சென்டர் பேரிங்கை அடுத்த கிராஸில் ஆட்டம் தெளிவாகத் தெரிகிறது. அதன் மூடி விளிம்பில் குங்குமம் பூசினாற்போல் சிவந்த துருத்தூள் படிந்திருக்கிறது. பினியன் ஃபிளாஞ்ச் ஆடவில்லை. மூன்று கிராஸையும் மாற்ற வேண்டுமா?

பதில்: கிரீஸ் வற்றி மூடிக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் அரைபட்ட அடையாளம் அந்தத் தூள். மற்ற இரண்டும் இறுக்கமோ ஆட்டமோ இன்றி எல்லாப் பக்கமும் வழுவழுப்பாக மடங்கினால், அவற்றைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. கழற்றும் முன் ஃபிளாஞ்சுகளிலும் நீளவாக்கில் நழுவும் ஸ்லிப் யோக்கிலும் ‘பஞ்ச்’ உளியால் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லிப் யோக்கின் பல்வரிசையான ஸ்ப்ளைன் ஒரு பல் மாறிப் பூட்டப்பட்டாலும் யோக்குகளின் நேர்வரிசை கெட்டு, இல்லாத அதிர்வு புதிதாக வந்து சேரும். புது கிராஸின் மூடியை இறக்கும்போது, அதைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்கிளிப் தன் காடியில் உட்கார மறுத்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஓர் ஊசி சாய்ந்து கிடக்கும். மூடியைக் கழற்றி ஊசிகளை கிரீஸால் ஒட்டி நிறுத்திவிட்டு மறுபடி இறக்குங்கள். கிரீஸ் அடிக்கும் துவாரமான நிப்பிள் உள்ள கிராஸாக இருந்தால், நான்கு மூடிகளிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள்.