லாஸ் மெனினாஸ் ஓவியத்தை நேர்ல பார்த்தவங்க வாங்க, ஒரு அனுபவம் சொல்லுங்க

அரைவெளிச்சம்
போன வருஷம் மாட்ரிட்ல பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. பிராடோ அருங்காட்சியகம், அறை 12. ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைஞ்ச படம்: நடுவுல குட்டி இளவரசி, சுத்தித் தோழிகள், இடது பக்கம் நமக்கு முதுகு காட்டுற பெரிய கான்வாஸ் முன்னாடி தூரிகையோட அவரே நிக்கிறார். நேரா விஷயத்துக்கு வர்றேன். கூட்டம் தள்ளித் தள்ளி என்னைப் படத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டுடுச்சு. குட்டி இளவரசி மார்கரிட்டாவோட கவுன், கிட்டப் பார்த்தா வெறும் சாயத் திட்டு. அப்படியே பின்னாடி நகர்ந்தேன். ஏழெட்டு அடி வந்ததும் திட்டெல்லாம் பட்டுத் துணியாயிடுச்சு.

அப்பத்தான் மேலே நிமிர்ந்தேன். மூணு மீட்டருக்கு மேல உயரமான படம். மேல்பாதியில ஆளே இல்லைன்னு சொல்லலாம். இருட்டுக் கூரை, விளக்கு மாட்டுற கொக்கி, சுவர்ல கண்ணுக்கே பிடிபடாத பழைய ஓவியங்கள். ராஜா வீட்டுப் படத்துல பாதியை வெறும் காத்துக்கு விட்டிருக்கார் வெலாஸ்கெஸ்! பின்சுவர்க் கண்ணாடியில ராஜா நாலாம் பெலிப்பேயும் ராணி மரியானாவும். அவங்க நின்ன இடத்துலதான் நான் நிக்கிறேன்னு தோணினதும் உடம்பு சிலிர்த்துப்போச்சு.

நூலும்கோலும்
அந்த இடம் ராஜா நின்ன இடம் இல்லைங்க. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, அதனாலதான் எழுதறேன்.

ஓவியக் கல்லூரி ரெண்டாம் வருஷம். கண்ணாடிதான் படத்தோட மையம்னு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் ஒரு பிரிண்டை மேஜையில ஒட்டி, வலது பக்கச் சுவர் கூரையைத் தொடுற கோடு, ஜன்னல்களோட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எல்லாத்துலயும் நூல் பிடிச்சேன். எல்லா நூலும் போய்ச் சேர்ந்தது கண்ணாடியில இல்ல. பின்கதவுப் படியில நிக்கிறாரே ராணியோட அரண்மனை அதிகாரி ஹொசே நியெத்தோ, திரையைப் பிடிச்ச அவர் கைகிட்ட. நூலை விடாம அப்படியே நின்னேன்.

கோடுகள் சேர்ற புள்ளி எப்பவும் பார்க்கிறவர் கண்ணுக்கு நேர் எதிரேதான் இருக்கும். அப்படின்னா நம்ம கண் இருக்கிறது கதவுக்கு நேர் எதிரே. கண்ணாடி அதுக்கு இடது பக்கம். அங்கிருந்து பார்த்தா கண்ணாடியில தெரியறது இன்னும் இடது பக்கம் இருக்கிறதுதான், அதாவது நமக்கு முதுகு காட்டி நிக்கிற அந்தப் பெரிய கான்வாஸோட முன்பக்கம். கான்வாஸ்ல வரையறதுதான் கண்ணாடியில தெரியுதுன்னு, வெலாஸ்கெஸ் வாழ்க்கையை எழுதின பலோமினோ 1724லயே எழுதிட்டார்.

கடைசிபஸ்
நான் பார்த்தது ரெண்டே நிமிஷம். நாய் முதுகுல கால் வச்சிருக்கிற பையன் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

போகப்போறவங்களுக்குச் சில விஷயம். சாயந்தரம் இலவச நேரத்துல போகாதீங்க, கூட்டம் தாங்காது. போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதனால கண்ணாலதான் பிடிக்கணும். முதல்ல இளவரசியைப் பார்க்காதீங்க, கதவைப் பாருங்க. வலது ஜன்னல் வெளிச்சம் முன்னாடி இருக்கிறவங்க மேல விழுது, கதவு வெளிச்சம் கடைசியில இருக்கு, நடுவுல முழுக்க நிழல். அறை ஆழமாத் தெரியறதுக்கு அந்த நிழல்தான் காரணம். வீட்டுல பிரிண்ட் இருந்தா மேல்பாதியைக் கையால மறைச்சுப் பாருங்க, கல்யாண குரூப் போட்டோ மாதிரி நெரிசலாயிடும். கையை எடுங்க, எல்லாரும் மூச்சு விடுவாங்க. பிகாசோ 1957ல இதை வச்சு வரைஞ்ச வரிசை பார்சிலோனாவுல இருக்கு, அங்கேயும் ஒரு நாள் ஒதுக்குங்க. செருப்பு மெத்துன்னு இருக்கணும்.

சுண்ணாம்புச்சுவர்
பழைய படங்களைச் செப்பனிடறது என் தொழில். நான் இளவரசியோட இடது கன்னத்தை மட்டும்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். 1734ல மாட்ரிட்ல அல்காசர் அரண்மனை எரிஞ்சப்ப படம் தப்பிச்சுது, ஆனா அந்தக் கன்னம் சேதமாகி வேற ஓவியர் திரும்ப வரைஞ்சது. எங்கே ஒட்டு தெரியும்னு தேடித்தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியல. படத்துல இருக்கிற அறையும் அந்த அரண்மனையோடதுதான்; நூலும்கோலும், நீங்க நூல் பிடிச்ச அந்தச் சுவரும் ஜன்னலும் அன்னிக்கே போயிடுச்சு.

அரைவெளிச்சம்
நூலும்கோலும், நேத்து ராத்திரி நானும் நூல் பிடிச்சேன். நீங்க சொன்னது சரி, கைகிட்டதான் போகுது. ஆனா வெலாஸ்கெஸ், இளவரசி, வலது பக்கம் நிக்கிற குள்ளமான பணிப்பெண் மரிபார்போலா மூணு பேரும் கண்ணை எடுக்காம முன்னாடி ஒருத்தரைப் பார்க்கிறாங்களே, அது யாரை?