லேப்டாப் டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் மாட்டி லினக்ஸ் போடலாமா?

கேள்வி
பழைய லேப்டாப். டிவிடி டிரைவ் போய்விட்டது, பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகவில்லை. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது. அதை டெஸ்க்டாப்பில் மாட்டி லினக்ஸ் மின்ட் போட்டு, பிறகு லேப்டாப்புக்கு மாற்றினால் பூட் ஆகுமா? டிரைவர் தகராறு வருமா?

பதில் 1
தாராளமாகப் போடலாம். பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடே வருகின்றன. ஒவ்வொரு பூட்டிலும் எதிரே இருக்கிற ஹார்டுவேரைப் பார்த்து ஏற்றிக்கொள்ளும். என்விடியா டிரைவரை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துப் போடாதீர்கள். பழைய பிராட்காம் வைஃபைக்குத் தனி ஃபர்ம்வேர் தேவைப்படலாம், ஒரு லேன் கேபிள் கைவசம் இருக்கட்டும்.

அடாப்டர் வேண்டாம், டெஸ்க்டாப்பின் சாட்டா டேட்டா கேபிளும் பவர் கேபிளும் அப்படியே பொருந்தும். ஆனால் கரண்டை நிறுத்திவிட்டு, டெஸ்க்டாப்பின் சொந்த டிஸ்க்கை முதலில் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றாலும் இன்ஸ்டாலர் பூட்லோடரை (லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப் என்ற புரோகிராம்) முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) எழுதிவிடுவது உண்டு. அப்புறம் லேப்டாப்பும் பூட் ஆகாது, எஸ்எஸ்டியைக் கழற்றியதும் டெஸ்க்டாப்பும் கிரப் ப்ராம்ப்ட்டில் நின்றுவிடும்.

பதில் 2
லேப்டாப் பூட் ஆவது புதிய யுஇஎஃப்ஐ முறையிலா, பழைய பயாஸ் முறையான லெகசியிலா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப்பின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எதில் நுழைகிறீர்களோ அந்த முறையில்தான் இன்ஸ்டால் ஆகும்.

யுஇஎஃப்ஐ என்றால் இன்னொன்று: எதை பூட் செய்வது என்ற குறிப்பான பூட் என்ட்ரி டிஸ்க்கில் இல்லை, டெஸ்க்டாப் மதர்போர்டின் என்விரேம் என்ற நினைவகத்தில் பதிவாகிறது. லேப்டாப்புக்கு அது தெரியாது. லேப்டாப் தேடுவது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் பூட்எக்ஸ்64 ஃபைலை. அந்த ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ரிமூவபிள் ஆப்ஷனோடு ஓட்டினால் அங்கே எழுதிவிடும்.

கேள்வி கேட்டவர்
லேப்டாப் பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற பேச்சே இல்லை. டெஸ்க்டாப்போ புதுசு, அதில் லெகசி இல்லை.

பதில் 2
அப்படியானால் க்யூஈமு என்ற மெய்நிகர் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள் வைத்துப் போடுங்கள். டெஸ்க்டாப்பில் லினக்ஸை லைவாக (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே) ஓட்டி, க்யூஈமுவுக்கு எஸ்எஸ்டி முழுவதையும் டிஸ்க்காகக் கொடுங்கள், மின்ட்டின் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓவை சிடியாக. க்யூஈமு தானாகவே சீபயாஸ் என்ற பயாஸில்தான் கிளம்பும், அதாவது லெகசி. எஸ்எஸ்டியின் எந்தப் பார்ட்டிஷனும் அப்போது வெளியே ஓடும் லினக்ஸில் மவுன்ட் ஆகி (திறந்து) இருக்கக் கூடாது, ஃபைல் சிஸ்டம் கெட்டுவிடும். பார்ட்டிஷன் டேபிளாக லெகசிக்கு ஏற்ற பழைய வகையான எம்பிஆரைத் தேர்ந்தெடுங்கள். பூட்லோடர் இடம் கேட்டால் முதல் பார்ட்டிஷனைக் காட்டாமல் முழு டிஸ்க்கைக் காட்டுங்கள்.

பதில் 3
லேப்டாப்பின் பிராசஸர் 64 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் என்றால் மின்ட்டின் டெபியன் பதிப்பான எல்எம்டிஇ 6தான் போட முடியும்.