எச்-1பி விசா முத்திரை முடிந்தால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமா?

டல்லாஸ்வாசி (கேள்வி):
வணக்கம். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் என் முதல் மூன்றாண்டு முடியப்போகிறது. பழைய கடவுச்சீட்டில் உள்ள விசாவும் அடுத்த மாதக் கடைசியோடு காலாவதியாகிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதாக நிறுவனம் இரண்டு மாதமாகச் சொல்லி வருகிறதே தவிர, இன்னும் அனுப்பியதாகத் தெரியவில்லை. ஒப்புதல் வருவதற்குள் தேதி கடந்துவிட்டால், நானும், என்னைச் சார்ந்து எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் என் மனைவியும் இங்கே தங்குவது சட்டமீறலாகுமா?

பழையகுடி:
விசா முத்திரை என்பது எல்லையில் வந்து நின்று அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே வந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது, நுழையும்போது அதிகாரி போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதி. முத்திரை முடிந்தும் ஐ-94 செல்லுபடியாகுமானால் கவலையில்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனால், துணைத் தூதரகத்தில் புது முத்திரை பெறாமல் திரும்ப முடியாது. எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் உங்கள் ஐ-94ஐ இன்றே எடுத்துப் பாருங்கள். நுழையும்போது கடவுச்சீட்டு சீக்கிரம் முடிவதாக இருந்தால், அதிகாரி அந்தத் தேதியோடு ஐ-94ஐ நிறுத்திவிடுவது வழக்கம். பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது.

கோப்புக்காரன்:
ஐ-94 தேதிக்கு முன்பே நிறுவனத்தின் ஐ-129 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் குடிவரவுத் துறையைச் சென்றடைந்துவிட்டால், முடிவு வராவிட்டாலும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். அனுப்பினோம் என்ற வாய்வார்த்தையை நம்பாமல் ரசீது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: மனைவிக்கு ஐ-539 என்ற தனி விண்ணப்பம் போடவேண்டும், உங்கள் நீட்டிப்பு அவரைச் சேர்த்துக்கொள்ளாது. எப்படியானாலும் 60 நாள் சலுகைக்காலம் இருக்கிறதே.

பழையகுடி:
கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது, கோப்புக்காரரே. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சலுகை, அனுமதிக்காலம் முடியும் முன்பே வேலை போனவர்களுக்கானது. அதுவும் 60 நாள் அல்லது ஐ-94 தேதி, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான். ஐ-94க்கு அப்பால் அது ஒரு நாளையும் கூட்டாது. ஐ-94 முடிந்தபின் விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியிருந்தால் பத்தாண்டும் மீண்டும் நுழையத் தடை விழும்.

டல்லாஸ்வாசி:
நீங்கள் சொன்னதுபோலவே இருக்கிறது ஐயா. முத்திரை முடிய ஐந்து வாரம் இருக்க, என் ஐ-94 பழைய கடவுச்சீட்டின் தேதியோடு இன்னும் 19 நாளில் முடிகிறது. மனைவியின் தேதி வேறு. இரண்டு பதிவுகளையும் அச்செடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன். 15 வேலை நாளில் முடிவு தரும் விரைவுக் கட்டணத்தோடு இந்த வாரமே தாக்கல் செய்வதாக எழுதியிருக்கிறார். ரசீது எண் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.