படிதலா, தங்கலா, வண்டலிடலா?

மூச்சோடு உள்ளே போகும் துகள் காற்றுப்பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைக் குறிக்கத் 'தங்கல்', 'வண்டலிடல்', 'படிதல்' ஆகிய மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. 'படிதல்' என்பதையே ஏற்க வேண்டும் என்று கருதுகிறேன். அளக்கப்படுவது எது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

காற்றுப்பாதையின் உட்சுவர் ஈரமானது. அதைத் தொட்ட துகள் மீண்டும் காற்றில் கலப்பதில்லை என்பதால், தொட்ட கணத்திலேயே அது படிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த நுண்துளிகளை ஒருவரை உள்ளிழுக்கச் செய்து, அதன் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் காமா கேமராவால் உடனே படமெடுத்து, தொண்டையில் எவ்வளவு, நுரையீரலின் நடுப்பகுதியில் எவ்வளவு, ஓரங்களில் எவ்வளவு என்று கணக்கிட்டால் கிடைப்பது படிந்த அளவு. அதன்பின் மூச்சுக்குழாயின் நுண்ணிழைகள் சளியோடு துகளைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்து மறுபடியும் படமெடுத்தால் தெரிவது, வெளியேறியது போக எஞ்சிய அளவு. 'தங்கல்' இந்த இரண்டாவதற்கே பொருந்தும். அதற்கே அச்சொல்லை ஒதுக்கிவைப்போம்.

'வண்டலிடல்' பல வழிகளுள் ஒன்றை மட்டுமே சொல்கிறது. சுமார் 5 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள், காற்று வளையும் இடத்தில் தான் வளைய முடியாமல் சுவரில் முட்டுகிறது. இதை 'மோதிப் படிதல்' எனலாம். 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலானவை, காற்றோட்டம் மெதுவாகும் சிறு குழாய்களில் புவியீர்ப்பால் கீழிறங்குவது 'இறங்கிப் படிதல்'; 'வண்டலிடல்' இதை மட்டுமே குறிக்கும். அரை மைக்ரோமீட்டருக்கும் சிறியவை வாயு மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுச் சுவரைச் சேர்வது 'விரவிப் படிதல்'. மூன்றுக்கும் பொதுவான வினை நமக்குத் தேவை.

சிங்கப்பூரில் இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைத் தேவையும் உண்டு. 2013 ஜூன் 21 அன்று காற்றுமாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401-ஐத் தொட்ட புகைமூட்டத்துக்குப் பிறகு, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குச் சிறியதுமான துகள்களைக் குறிக்கும் பிஎம்2.5 என்ற பெயர் இங்கே பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த அளவு காற்றில் உள்ள துகளைச் சொல்கிறதே தவிர, உடலில் படிந்ததைச் சொல்வதில்லை; 0.3 முதல் 0.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடுகிறது. உள்ளிழுத்த நிறையில் எத்தனை பங்கு சுவரில் சேர்ந்தது என்பதற்குப் 'படிவு விகிதம்' என்ற தொடரை முன்வைக்கிறேன். 'படிவம்' வேண்டாம், அது விண்ணப்பத் தாளுக்கு உரியதாகிவிட்டது.

பேச்சிலும் இச்சொல் தடையின்றி வருகிறது. பலதுறை மருந்தகத்தில், இன்ஹேலரோடு பொருத்தும் 'ஸ்பேசர்' குழாயைப் பற்றி முதியவர் ஒருவரிடம், "ஸ்பேசர் இல்லாம இன்ஹேலர் அடிச்சா மருந்து தொண்டையிலேயே படிஞ்சிடும், ஐயா" என்று சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்ற நீண்ட இழைகள், நடுப்பகுதி காற்றோடு போனாலும் முனை சுவரைத் தீண்டிப் பிடிபடுகின்றன. இந்த நான்காவது வழிக்கு 'உரசிப் படிதல்' என்று குறித்திருக்கிறேன். 'தீண்டிப் படிதல்' இன்னும் பொருந்துமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.