அப்பாவுக்காகத் தமிழில் அடித்த பாட்டு வரிகள்

இந்தக் குழுவில் எல்லாரும் பழைய சினிமாப் பாட்டுக்கு வரி தேடி அலைந்த கதையை எழுதியிருக்கிறீர்கள், என்னுடையதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அப்பாவுக்கு 78 வயது. மூன்று வருடமாகக் காது மிஷின். பேச்சு நன்றாகவே கேட்கிறது, பாட்டு போட்டால்தான் சிக்கல். அந்த மிஷின் பேச்சுக்காகச் செய்தது, வயலினும் தபேலாவும் குரலும் ஒன்றாக வரும்போது தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். மெட்டெல்லாம் மனசில் அப்படியே இருக்கிறது, வார்த்தைதான் பிடிபடவில்லை. "வரியைக் கண்ணால பார்த்தா போதும்டா, மீதியை நான் உள்ளுக்குள்ள ஓட்டிக்குவேன்" என்று ஒருநாள் சொன்னார்.

இதென்ன பெரிய விஷயம் என்று போனில் தேடினேன். வரிகள் கிடைத்தன, ஆனால் பத்துப் பக்கம் திறந்தால் ஏழெட்டில் தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா படித்தது எட்டாவது வரை, தமிழ் மட்டும்தான் சரளம். போனை வாங்கி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தமிழ்ப் பாட்டு, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குப் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது.

இது எப்படி வந்தது என்று ஓரளவு தெரியும். 2000ஆம் வருட வாக்கில் பிரவுசிங் சென்டரில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பாதி நேரம் கட்டம் கட்டமாக, புரியாத குறிகளாகத்தான் தெரியும். திஸ்கி அது இது என்று தளத்துக்கொரு எழுத்துக் குறியீட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு இறக்க வேண்டும், சென்டர் கம்ப்யூட்டரில் அதற்கு விடமாட்டார்கள். அன்றைக்கு ஆங்கில எழுத்தில் வரி போட்டவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை, அவர்கள் போட்டதால்தான் நிறையப் பாட்டு நமக்கு மிஞ்சியது. இன்றும் பெங்களூரில் வளரும் என் அக்கா மகளுக்கு அந்த எழுத்து இருந்தால்தான் பாட முடியும். ஆனால் அவள் படித்துப் பாடும்போது மனம் மணமாகிறது, கல் கள்ளாகிறது, எது ல எது ள என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எழுத்துரு இறக்காமலே எல்லாக் கருவியிலும் தமிழ் தெரிய வைக்கிற பொதுக் குறியீடான யூனிகோடு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் தமிழ் எழுத்தில் போடாமல் விடுவதற்குக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

சரி, நாமே அடிப்போம் என்று மியூசிக்ஸ்மேட்சில் கணக்குத் தொடங்கினேன். இத்தாலியின் போலோன்யா நகரத்தில் 2010இல் தொடங்கிய நிறுவனம் அது, ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடும்போது கீழே வரும் வரிகள் அங்கிருந்து போகிறவைதான். பாடல் உரிமை வைத்திருப்பவர்களோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறார்கள், அதனால் கவிஞர் எழுத்தை நாம் திருடிப் போடுகிறோமோ என்ற உறுத்தல் எனக்கு இல்லை. நம் நாட்டில் எழுதியவர் காலமாகி 60 வருடம் வரை பாட்டுக்கு உரிமை உண்டு என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வேலை லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பாட்டுப் புத்தகத்தில் சரணம் முடிந்ததும் பல்லவியின் முதல் வார்த்தையை மட்டும் அடைப்புக்குள் போட்டு விடுவார்கள், நமக்கே தெரியும் திரும்பப் பல்லவிக்குப் போகணும் என்று. இங்கே அப்படிச் செய்யக்கூடாது, எத்தனை தடவை பாடுகிறாரோ அத்தனை தடவையும் முழுசாக அடிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நொடியில் திரையைத் தட்டி நேரம் பொருத்த வேண்டும். முதல் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது.

ஒரு பாட்டில் நிலாவைப் பற்றி ஒரு வரி. நான் 'கரை' என்று அடித்திருந்தேன். அப்பா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நிலாவுக்கு ஏதுடா கரை? அது என்ன ஆறா? கறைடா, வல்லின ற." பத்து தடவை திருப்பிக் கேட்டும் என் காதுக்குத் தெரியாதது, ஒழுங்காகப் பாட்டே கேட்காத அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

படகோட்டி படப் பாட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'தரைமேல் பிறக்க வைத்தான்' தேடியபோது ஒரு தளத்தில் எழுதியவர் கண்ணதாசன் என்று போட்டிருந்தது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு. அப்பா கோபமாகவே எழுந்துபோய் பரண் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே பழைய பாட்டுப் புத்தகங்கள், தியேட்டரில் சில காசுக்கு விற்றவை, தொட்டால் உதிர்கிற தாள், கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கிற அதே ரகம். படகோட்டியும் இருந்தது. 1964இல் வந்த அந்தப் படத்தில் அத்தனை பாட்டும் வாலி. அவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "அந்தக் காலத்திலேயே வாலி பாட்டைக் கண்ணதாசன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, இன்னுமா?" என்றார். அந்தத் தளத்துக்கு இரண்டு முறை எழுதினேன், மாற்றவில்லை. பாட்டு கிடைத்தால் போதும், எழுதியவர் யாராக இருந்தால் என்ன என்கிற போக்கு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, வரிகளுக்கென்றே உள்ள பல பக்கங்களில் வரி எழுதியவர் பெயர் இல்லை.

இதுவரை பதினான்கு பாட்டு முடித்திருக்கிறோம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தால், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, வரி நகர நகர உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். தாளம் தப்புவதே இல்லை.

இப்போது பதினைந்தாவதில் நிற்கிறோம். புத்தகத்தில் மூன்று சரணம் இருக்கிறது, கேட்கக் கிடைக்கும் பதிவில் இரண்டுதான். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போல்தான் இடம், படத்தில் இருந்த சரணம் தட்டில் விடுபடுவது சகஜம். பதிவில் கேட்பதை மட்டும்தான் அடிக்கலாம் என்பது விதி, அது நியாயமும்கூட. ஆனால் அப்பாவுக்கு அந்த மூன்றாவது சரணம்தான் வேண்டும். அதைத் தனியாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது 60களின் பாட்டுப் புத்தகம் இருந்தால் இந்த மாதம் ஒருநாள் உட்கார்ந்து, அட்டையையும் 'பாடல்கள்' என்று பெயர் போட்டிருக்கும் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் இரண்டு புத்தகம் ஏற்கெனவே பொடிந்துவிட்டது.