கொரியப் போர்: கோஜே தீவின் கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை போனது எப்படி?

கோஜேவாசி:

வணக்கம். தென்கொரியாவில் கோஜே தீவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறேன். கொரியப் போரின்போது இந்தத் தீவில் பெரிய கைதி முகாம் இருந்தது. அந்த இடத்தை இப்போது பூங்காவாக வைத்திருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்களாம், அதில் சுமார் 20,000 பேர் சீனர்கள். என்னோடு வேலை பார்க்கும் கொரியப் பெரியவர் ஒருவரின் பெற்றோர் 1950 டிசம்பரில் வடக்கே ஹுங்னாமிலிருந்து அகதிக் கப்பலில் இங்கே வந்தவர்கள். "அடித்துக்கொண்டது நாங்கள், முடிவெடுத்தது எல்லாம் வெளியாள்" என்கிறார். கடைசியில் கைதிகளைக் காவல் காத்தது இந்திய ராணுவம் என்றும் சொன்னார். எனக்கு இது புதுச் செய்தி. சீனா எப்படி உள்ளே வந்தது? நாம் யார் பக்கம் நின்றோம்?

பாளை வாத்தியார்:

தம்பி, பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பாடப்புத்தகத்தில் இந்தப் போருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். நீங்கள் கேட்டது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

அந்தப் பெரியவர் சொன்னது சரி. நாட்டைப் பிரித்த கோடே வெளியார் போட்டதுதான். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் 38-வது அட்சரேகைக்கு வடக்கே சோவியத், தெற்கே அமெரிக்கா என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். 1950 ஜூன் 25 அன்று வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் படை தெற்கே இறங்கியது. ஸ்டாலினின் சம்மதம் வாங்கிய பிறகுதான் அதுவும் நடந்தது. ஆகஸ்டில் தெற்கின் கையில் மிஞ்சியது புசானைச் சுற்றிய மூலை மட்டும். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலை சோவியத் அப்போது புறக்கணித்திருந்ததால் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ வாக்கைப் போட ஆளில்லை. ஐ.நா. கொடியோடு அமெரிக்கா தலைமையில் 16 நாட்டுப் படைகள் வந்தன. செப்டம்பர் 15 அன்று சியோலுக்குப் பக்கத்து இன்சோன் துறைமுகத்தில் அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் தரையிறங்கியதும் எல்லாம் தலைகீழ். அப்புறம் தோற்கும் முறை வடக்குக்கு.

எனக்கு ஆறாத வருத்தம் இந்த இடத்தில்தான். அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பெய்ஜிங்கில் நம் தூதர் கே. எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி சீனப் பிரதமர் சௌ என்லாய் வரவழைத்தார். தென்கொரியப் படை மட்டும் அந்த 38-வது எல்லைக்கோட்டைத் தாண்டினால் பரவாயில்லை, அமெரிக்கப் படை தாண்டினால் சீனா இறங்கும் என்று சொல்லி அனுப்பினார். செய்தி டெல்லி வழியாக வாஷிங்டனுக்குப் போனது. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்ற சந்தேகத்தில் அதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் 19-ல் பெங் தெஹுவாய் தலைமையில் சீனப் படை எல்லையிலிருக்கும் யாலு ஆற்றைக் கடந்தது. பெயருக்குத் தன்னார்வலர்கள், வந்தது முழு ராணுவம். 1951 ஜனவரியில் சியோல் மறுபடி விழுந்தது. ஒரு தூதர் கொண்டுவந்த எச்சரிக்கையைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனை லட்சம் பேர் பிழைத்திருப்பார்கள்!

1951 நடுவிலேயே போர்முனை இன்றைய எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பேச்சுவார்த்தையும் ஜூலையில் தொடங்கியது. ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் ஆட்கள் செத்தார்கள். முட்டுக்கட்டைகளில் பெரியது உங்கள் ஊர் முகாம்தான். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி எல்லாக் கைதிகளையும் திருப்பி அனுப்பு என்றன சீனாவும் வடகொரியாவும். விருப்பமில்லாதவனை அனுப்பமாட்டோம் என்றது அமெரிக்கா. கொள்கையில் அமெரிக்கா சொன்னதே நியாயம் என்பேன். ஆனால் அந்த விருப்பம் எங்கே கேட்கப்பட்டது? முகாமுக்குள் கம்யூனிஸ்ட் கும்பலும் எதிர்க்கும்பலும் ஆளுக்குச் சில அடைப்புகளை ஆண்டன. அடி, கொலை, உடம்பில் கட்டாயப் பச்சை குத்தல் எல்லாம் நடந்தது. 1952 மே மாதம் முகாமின் தளபதி டாட் என்ற அமெரிக்க ஜெனரலையே கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கத்திக்கு நடுவே நிற்பவனிடம் கேட்டது விருப்பமா?

விமானக்கிறுக்கன்:

வாத்தியார் ஐயா, சோவியத் விமானிகளை விட்டுவிட்டீர்களே. 1950 நவம்பரிலிருந்தே மிக்-15 என்ற சோவியத் போர் விமானத்தை ஓட்டியவர்களில் நிறைய பேர் ரஷ்யர்கள். சீனச் சீருடை, விமானத்தில் சீன அல்லது வடகொரியக் குறி, ரேடியோவில் ரஷ்ய மொழி பேசக்கூடாது என்று உத்தரவு. சண்டை சூடானதும் தாய்மொழிதான் வாயில் வரும், அமெரிக்கர்கள் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வெளியே சொன்னால் மூன்றாம் உலகப் போர் என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

கோஜேவாசி:

நன்றி ஐயா, நன்றி நண்பரே. இந்தியப் படை விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது.

பாளை வாத்தியார்:

வருகிறேன் தம்பி. போர் நடக்கும்போது இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவு ஒன்றை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. 1951 மார்ச்சில் முன்சான் பக்கம் அமெரிக்க வான்குடைப் படையோடு அவர்களில் சிலரும் குதித்துக் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள்.

1953 ஜூலை 27 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை ஒரு நடுநிலை ஆணையம் ஏற்றது. தலைவர் குடகுக்காரர் ஜெனரல் திம்மையா. காவலுக்கு ஜெனரல் தோரட்டின் கீழ் இந்தியப் படை. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ எங்கள் மண்ணில் இந்தியன் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் நம் வீரர்களை இன்சோன் துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டரில் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே உள்ள படை விலக்கப்பட்ட பகுதிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேயும் கைதிகள் கல்லெறிந்தார்கள், ஒரு இந்திய மேஜரை அடைப்புக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தோரட் தானே உள்ளே போய் மீட்டு வந்தார். ஊர் திரும்ப ஒப்புக்கொண்டவர்கள் சில நூறு பேர்தான். 1954 ஜனவரியில் மற்றவர்களை, அவர்களைச் சிறைப்பிடித்த தரப்பிடமே திருப்பிக் கொடுத்தது இந்தியா. 14,000-க்கும் மேற்பட்ட சீனர்கள் தைவான் போனார்கள். இரண்டு பக்கமும் நம்மைத் திட்டியது. அந்தக் கொதிப்புக்கு நடுவில் அத்தனை பேரை அவ்வளவு பொறுமையோடு காத்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். 76 கொரியர்கள், 12 சீனர்கள், மொத்தம் 88 பேர் நம் படையோடு இந்தியா வந்தார்கள். பிறகு பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். இந்தியாவிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். ஹுங்னாம் கப்பலைப் பற்றி அவர் வீட்டில் பேசிக்கொண்டது ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள் தம்பி.