68 வயதில் வில்லுப்பாட்டு எழுதுகிறார் அப்பா, கோயில் கொடை விழாவில் பாட விடலாமா?

அம்பைக்காரன்:
அப்பாவுக்கு 68. உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், கண் மங்கியதும் நின்றுவிட்டார். ஒரு வருடம் திண்ணையிலேயே கிடந்தார், "இனிமே என்னடே இருக்கு"ன்னு எதற்கெடுத்தாலும் அதே பேச்சு. கண்புரை ஆபரேஷன் முடிந்த பிறகு பழைய கணக்கு நோட்டுகளின் வெற்றுப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தார். என்னவென்று பார்த்தால் வில்லுப்பாட்டு! சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ இல்லை, தாமிரபரணியின் கதை. 1992 வெள்ளம், 2023 டிசம்பர் வெள்ளம் ரெண்டும் வருகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு, "காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு போட்டிருந்தானே, அதை எப்படிடே பாட்டுல வைக்கது?" என்று கேட்கிறார். ஆடிக் கொடையில் அரை மணி நேரம் பாட இடம் வேண்டுமாம். அக்கா "ஊர் சிரிக்கும், பேசாம விடு" என்கிறாள். விழாக் கமிட்டியில் பேசலாமா? அப்புறம் சொதப்பினால் மறுபடி திண்ணைக்கே போய்விடுவாரோ என்று பயம்.

பாளை அக்கா:
பேசுங்கள் தம்பி. அந்த "இனிமே என்ன இருக்கு" சும்மா வாய்ப்பேச்சு இல்லை. பெக்கா லெவியும் கூட இருந்தவர்களும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் 50 வயதைத் தாண்டிய 660 பேர், 20 வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த கணக்கு. தன் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். அதோடு ஒரு காரியம், காதையும் ஒருதடவை பரிசோதித்து விடுங்கள். கண்ணைச் சரிசெய்துவிட்டு காதை மறந்துவிடுகிறோம், சுருதி கேட்காவிட்டால் பாடுகிறவருக்கே தெரியாது.

பழைய வாத்தியார்:
ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்துவிட்டது, இங்கே அது நல்ல கணக்காக இருக்கிறது. ஆனால் அதை வைத்து "சந்தோஷமா நினைச்சா ஆயுசு கூடும்" என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உடம்பு நன்றாக இருப்பவனுக்கு நினைப்பும் நன்றாக இருக்கும். அதையெல்லாம் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தார்கள் என்றாலும் எது எதனால் வந்தது என்று முழுசாகப் பிரிப்பது கஷ்டம்.

எனக்கு 74. ஓய்வு பெற்றபின் படம் வரையப் பழகினேன். எரிச்சல் எதில் தெரியுமா? வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "இந்த வயசுலயும்!" என்பார்கள். சின்னப் பிள்ளை கிறுக்கியதை மெச்சுகிற அதே குரல். பேத்தி மட்டும்தான் "தாத்தா, மாட்டுக்குப் பின்னங்கால் கோணலா இருக்கு" என்றாள், அன்றைக்குத்தான் படம் போடுகிறவனாக உணர்ந்தேன். நம்ம இடைசெவல் கி.ரா. எழுத வந்ததே முப்பதைத் தாண்டி, தொண்ணூறைத் தாண்டியும் எழுதினார். வயசுக்காகவா படித்தோம்? எழுத்து ருசித்தது, படித்தோம். உங்கள் அப்பாவின் பாட்டில் எது நல்லா இருக்கு, எது இழுக்கிறது என்று உள்ளபடியே சொல்லுங்கள்.

95 சென்டிமீட்டர் ஏறக்குறைய இடுப்பு உயரம். "இடுப்பளவு மழை"ன்னு வைக்கச் சொல்லுங்கள், பாட்டில் உட்கார்ந்துவிடும்.

குடக்காரன்:
30 வருஷமாக வில்லிசைக் குழுவில் குடம் அடிக்கிறேன். கமிட்டிக்கு முன்னாடி வில்லிசைப் புலவரிடம் பேசுங்கள், அவர் சம்மதம்தான் முக்கியம். சாமி கதை ஏறுகிற நேரத்தில் இடையே நுழைந்தால் ஊர் சிரிக்காது, ஊர் அடிக்கும்! ஆரம்பத்தில் கூட்டம் வந்து உட்காருகிற நேரம் கிடைக்கும், 15 நிமிஷம் போதும். அரை மணி நேரம் முதல்தடவைக்கு அதிகம்.

சும்மா வாசித்துக் காட்டினால் பாட்டு நிற்காது. பின்பாட்டுக்காரர் "ஆமா" போட எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள், புதுசாக எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் மாட்டுவார்கள், மூச்சுவிடாமல் எழுதிவிடுவார்கள். மூட்டுவலி இருந்தால் சம்மணம் போட்டு உட்காருவதையும் இப்பவே பழகணும். நோட்டைப் பெரிய எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுங்கள், பந்தல் வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

அம்பைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, நானும் "இந்த வயசுலயும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சுருக்கென்றது. நேற்று ராத்திரி முதல்தடவையாக நோட்டை முழுசாக வாசித்தேன். 92 வெள்ளம் நல்லா வந்திருக்கு, நடுவில் அணைக்கட்டு வர்ணனை நாலு பக்கம் இழுக்குது என்று சொன்னேன். முகம் சுருங்கியது. காலையில் பார்த்தால் ரெண்டு பக்கத்தை அடித்திருந்தார், மீதி ரெண்டை அடிக்க மாட்டாராம்.

"இடுப்பளவு" சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு இடுப்புடே? ஒங்க அம்மை இடுப்பா, என் இடுப்பா? கேப்பாவ பாரு" என்கிறார்.